விழாத கோலுக்கு எத்தனை புள்ளி?

அத்தியாயம் பதினான்கு

அய்யம்பெருமாள் எதையும் இரண்டு தடவை சொல்லுகிற மனிதர் இல்லை. வாதத்தில் வலது கை விழுந்துபோன பிறகு, ஒரு தடவை சொல்வதையே பாதியாகக் குறைத்துக்கொண்டார். போன வாரம் அவர் சொன்ன அந்தப் பாதிப் பேச்சின் சூடு வீட்டில் இன்னும் ஆறவில்லை.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் சொல்றேன்."

எதைச் சொல்லப்போகிறார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். அரியலூர் சிமெண்ட் ஆலையில் கல் உடைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் அய்யம்பெருமாள். கை வராது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, அவர் இடத்துக்கு அவர் பிள்ளைகளில் ஒருவரை எடுத்துக்கொள்வதாக ஆலையில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரைத்தான். திங்கட்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். மகள் செங்கமலம் பெரம்பலூரில் கணக்கு டீச்சர்; அவளுக்கு இந்த வேலை தேவையில்லை. மிச்சம் இரண்டு மகன்கள்.

மூத்தவன் அரியமுத்து, அப்பா முதல் தடவை படுக்கையில் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன். அன்றிலிருந்து பெரம்பலூர் லாரிப் பட்டறையில் கிடக்கிறான். வாலிகண்டபுரத்தில் பெண் பேசி முடித்தாயிற்று. நிலையான வேலை என்றால் தையில் கல்யாணம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று பெண் வீட்டார் காபியைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள்.

இளையவன் தங்கராசு பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். உலகத்தில் அவன் சொன்ன பேச்சைக் கேட்கிறது பந்து ஒன்றுதான். "இந்த வேலயும் இல்லேன்னா பம்பாய் லாரி ஏறிடுவேன்" என்று அவன் சொல்லி, அம்மா இருசம்மாளை அழவைத்தது போன வாரம் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இப்போது விடிந்திருக்கிறது. புரட்டாசி மாதம், எண்பத்து மூன்றாம் வருஷம். ஆலை மைதானத்தில் அன்று கால்பந்து இறுதி ஆட்டம். ஆலை அணிக்கு முன்வரிசையில் தங்கராசு. எதிரே பெரம்பலூர் அணிக்குப் பின்வரிசையில் அரியமுத்து.

செங்கமலம் குவார்ட்டர்ஸ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு முழு அட்டையில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். 'காகித டீம்' விளையாட்டுக்கான புதுப் புள்ளி அட்டவணை.

காகித டீம் அவள் அப்பா தொடங்கிவைத்தது. பந்து உதைக்கத் தெரியாதவர்களுக்கும் ஒரு டீம் வேண்டும் என்று தொழிலாளர் மன்றத்தில் ஆரம்பித்தார். ஆட்டத்துக்கு முன்னால், விளையாடப் போகிற இரண்டு அணியிலிருந்தும் பிடித்த பதினொரு பேரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மைதானத்தில் அவர்கள் செய்வதற்கெல்லாம் இவர்களுக்குப் புள்ளி. கடைசியில் யார் காகிதத்துக்குப் புள்ளி அதிகமோ அவருக்கு ஓர் எவர்சில்வர் குடம். இந்த வருஷம் கிரிக்கெட் கோப்பை வந்த பிறகு தெருவுக்குத் தெரு மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாலும், அரியலூரில் காகித டீமுக்கு இருந்த மவுசு குறையவில்லை.

ஆனால் பழைய கணக்கில் கோலுக்கு மட்டும்தான் புள்ளி. கோல் போடுகிறவன் நான்கு பேர் என்றால், அந்த நான்கு பேரும் எல்லார் காகிதத்திலும் இருப்பார்கள். மற்ற ஏழு இடத்தையும் யாராவது ஒருவர் பேரைப் போட்டு ரொப்பிவிடுவார்கள். எல்லாக் காகிதமும் ஒரே காகிதமாகிவிட, குடத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிற நிலை வந்தது. அப்பாவுக்குப் பதிலாக எழுதிக் கொடுக்க வந்த செங்கமலம்தான் அதை மாற்றுகிறேன் என்றாள்.

சொல்லுவது சுலபமாக இருந்தது. கோலை எண்ணிவிடலாம். விழாமல் போன கோலை எப்படி எண்ணுவது?

முதலில், பின்வரிசைக்காரன் பந்தைப் பறித்தால் எங்கே பறித்தாலும் ஒரு புள்ளி என்று வைத்தாள். அரையிறுதியில் அது சந்தி சிரித்தது. நடு மைதானத்தில் சும்மா தட்டிப் பறித்துக்கொண்டிருந்த ஒருவனுக்குப் புள்ளி குவிந்து, ஜனம் முழுக்கப் பின்வரிசைக்காரர்களையே எழுத ஆரம்பித்தது. போன வருஷம் கோல் போடுகிறவன், இந்த வருஷம் தடுக்கிறவன், அவ்வளவுதான் வித்தியாசம். சமன் வரவில்லை.

அதனால் வாரம் முழுக்க உட்கார்ந்து, போன வருஷ ஆட்டங்களையெல்லாம் புதுக் கணக்கில் காகிதத்திலேயே மறுபடி ஆடிப் பார்த்தாள். கோலுக்கு நான்கு. அதற்குப் பாதை போட்டுக் கொடுத்தவனுக்கு இரண்டு. தன் கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி கட்டத்துக்குள் தடுத்தால் மட்டும் ஒன்று. அங்கே தடுக்காவிட்டால்தானே கோல் விழும். கடைசி வரை கோல் விழாமல் காத்தால் பின்வரிசைக்கும் கோல் கீப்பருக்கும் மூன்று. சொந்தத் தப்பால் கோல் விழுந்தால் இரண்டு கழிவு. புத்தியுள்ள இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதி, இரண்டு பேருமே ஜெயிக்க வழி இருந்தால் கணக்கு சமன் என்று அவளாகவே ஓர் அளவு வைத்துக்கொண்டிருந்தாள். நேற்றுப் பஸ்ஸில் வரும்போதுதான் அது கூடிவந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அப்பா நாற்காலியில் இருந்தபடி அட்டையைப் பார்த்தார்.

"தடுக்கறதுக்கு ஒரு பாயிண்டா?"

"ஆமாப்பா."

"தடுக்கறதுதானே அவன் வேல. வேல செய்யறதுக்கு எதுக்குப் பாயிண்டு?"

"கோல் போடறதும் வேலதானேப்பா. அதுக்கு மட்டும் எதுக்கு?"

இருசம்மாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முந்தின நாள் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"சாயங்காலம் சொல்றேன்னீங்களே. இப்பவே சொன்னா என்னா? ரெண்டு புள்ளையும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஆடணுமா?"

அய்யம்பெருமாள் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தங்கராசு இன்னிக்கு ஒரு கோல் போட்டான்னா, ஆலை டீமுக்குன்னு அவன ஆபீஸ்ல ஒக்கார வெச்சுக்குவாங்களாம். பேசிட்டேன். அப்ப அவன் பேரக் குடுப்பேன். போடலேன்னா கல்லு ஒடைக்கற எடந்தான். அங்க அவன் ஒரு மாசம் நிக்க மாட்டான். அப்ப பெரியவன் பேரு."

"மேட்ச்சப் பாத்தாப்பா வேல குடுக்கறது?" என்றாள் செங்கமலம். "அண்ணன் இத்தினி வருசமா..."

"பெரியவன் எங்க வுட்டாலும் நின்னுக்குவான்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகவே சொன்னார். அதுதான் செங்கமலத்துக்குத் தாங்கவில்லை. எங்கே விட்டாலும் நின்றுகொள்கிறவனை எங்கே வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்றால், அவன் நின்றதுதான் தப்பா?

பேச வாயெடுத்தவள் வாசல் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டாள். காலைப் பஸ்ஸில் வந்திறங்கிய அரியமுத்து, பையைத் தோளில் போட்டபடி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. அவனுக்குப் பின்னால், சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான் தங்கராசு. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தால், கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது.

"சோறு ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டான் அரியமுத்து.

ஒருவரும் ஒருவரையும் பார்க்காமல் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது இருசம்மாள் கோயில் குங்குமத்தை இரண்டு பேர் நெற்றியிலும் வைத்தாள். தங்கராசு குனிந்து வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டான். அரியமுத்துவின் நெற்றியில் வைத்த கையை அவள் உடனே எடுக்கவில்லை.

"தம்பியப் பாத்துக்கடா" என்றாள்.

அவன் சின்னப் பையனாக இருந்த நாளிலிருந்து அவள் சொல்லுகிற வார்த்தைதான் அது. ஏரிக்குக் குளிக்கப் போகும்போதும் திருவிழாவுக்குப் போகும்போதும் சொல்லுவாள். இன்றைக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரிந்திருக்குமா என்று செங்கமலத்துக்குச் சந்தேகமாக இருந்தது. அரியமுத்து "சரிம்மா" என்றான். அதுவும் அவன் எப்போதும் சொல்லுவதுதான்.

மைதானத்தில் பந்தல் போட்டு மேஜை போட்டிருந்தார்கள். மன்றச் செயலாளர் சிவசுப்பிரமணியன் அட்டவணையை உரக்கப் படித்துக் காட்டினார். ஜனம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. காகிதங்கள் வந்து குவிந்தன. இந்தத் தடவை ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. தங்கராசு பேர் நிறைய இருந்தது; அரியமுத்து பேரும் ஏறக்குறைய அதே அளவு இருந்தது. இதுவரை எந்தக் காகிதத்திலும் இடம் ரொப்ப மட்டுமே வந்த பேர்.

அய்யம்பெருமாள் காகிதத்தில் இரண்டு பேரும் இல்லை. இருக்கவும் முடியாது. வீட்டு ஆளை வீட்டு ஆள் எழுதக் கூடாது என்பது காகித டீமின் முதல் விதி. அதைக் கொண்டுவந்தவரே அவர்தான். நியாயஸ்தர் என்று ஊர் மெச்சியது, செங்கமலமும் மெச்சியவள்தான். இன்றைக்கு அவளுக்கு வேறு ஒன்று தோன்றியது. இந்த விதி இருக்கிற வரைக்கும் இரண்டு பிள்ளைகளில் யார் பேரை எழுதுவது என்று அப்பா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் தப்பித்த கேள்வி, வேலை என்ற பேரில் வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

"டீச்சர், உங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் நீங்க புள்ளி போடறது சரியா இருக்காதில்லையா?" என்றார் சிவசுப்பிரமணியன் தயக்கத்தோடு.

"இருக்காது சார். அவங்க ரெண்டு பேருக்கும் கருப்பண்ணன் மாமா போடட்டும்."

ஆலை ஸ்டோரில் வேலை பார்க்கிற கருப்பண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சந்தேகம் வந்தால் மட்டும், கணக்கைப் போட்டவள் என்ற முறையில் செங்கமலம் சொல்வதே முடிவு என்று பேசிக்கொண்டார்கள்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தங்கராசு பந்தோடு பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தான். அரியமுத்து அவசரப்படவில்லை. தம்பியை இடது பக்கம் கொஞ்சம் போகவிட்டு, அவன் உதைக்கக் காலைத் தூக்கிய நேரத்தில் பந்தைக் கொத்தி எடுத்துக்கொண்டான்.

"தடுப்பு, ஒண்ணு" என்றார் கருப்பண்ணன்.

பந்தலில் கைதட்டல் எழுந்தது. ஆலை ஆட்களே தட்டினார்கள். அவர்கள் காகிதத்திலும் அரியமுத்து இருந்தான். ஒரு பின்வரிசைக்காரனுக்கு இந்த மைதானத்தில் கைதட்டல் விழுந்து அவள் கேட்டதில்லை. அரியமுத்துவும் கேட்டதில்லை போலிருக்கிறது. யாருக்கு என்பது போல ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். செங்கமலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு தங்கராசு வந்துகொண்டே இருந்தான், அரியமுத்து தடுத்துக்கொண்டே இருந்தான். இடைவேளைக்கு அப்புறம் கருப்பண்ணனுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. ஒரு முட்டலில் இரண்டு பேரும் சேர்ந்து புழுதியில் விழுந்தார்கள். எழுந்தபோது தங்கராசுவின் முழங்கையில் ரத்தம். அரியமுத்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். தம்பி ஏதோ சிரித்துச் சொல்ல, அண்ணனும் சிரித்தான். காலையிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அப்போது தங்கராசு நன்றாகத்தான் இருந்தான். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற வருத்தம் அவனிடம் இல்லை. தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவனோடு மோதுகிற சுகம் முகத்தில் தெரிந்தது. பின்னால் வெகுநாள் செங்கமலத்துக்கு நினைவிருந்தது அந்த முகம்தான்.

இருசம்மாள் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆட்டம் புரியாது. கோல் விழவில்லை என்பது மட்டும் புரிந்தது. "இன்னும் எத்தினி நேரம்?" என்று கேட்டாள். "முடியப்போவுதும்மா" என்றாள் செங்கமலம். இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தல் பக்கம் வந்த பந்தை எடுக்க வந்த அரியமுத்து அம்மாவைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பந்தை எறிந்தான்.

அடுத்து வந்ததுதான் கடைசி. நடுவில் ஒருவனை ஏமாற்றிவிட்டுத் தங்கராசு ஓடி வந்தான். குறுக்கே அரியமுத்து மட்டும். எல்லாம் முன்னால் நடந்தது போலவே நடந்தது. இடது பக்கம் போகவிட்டான், தம்பி காலைத் தூக்கினான், அரியமுத்துவின் வலது காலும் எழுந்தது. எழுந்த கால் அங்கேயே இறங்கிவிட்டது. உடம்பு அரையடி நகர்ந்து வழி விட்டது.

தங்கராசு ஒரு கணம் தயங்கினான். பிறகு உதைத்தான்.

மைதானம் அதிர்ந்தது. ஆலை ஆட்கள் ஓடிப்போய்த் தங்கராசுவைத் தூக்கினார்கள். அவன் கையைத் தூக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் விசில் ஊதி ஆட்டமும் முடிந்துவிட்டது.

கருப்பண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரும்பினார்.

"பாப்பா, கோலுக்கு நாலு போட்டுட்டேன். அரியமுத்துக்கு என்னா போட? தப்புன்னு ரெண்டு கழிக்கவா? நான் பந்தப் பாத்தேன், கால கவனிக்கல. நீ பாத்தியா?"

"பார்த்தீங்களா டீச்சர்?" என்று சிவசுப்பிரமணியனும் கேட்டார். "நிறையப் பேர் அவரை எழுதியிருக்காங்க. இந்த ரெண்டு புள்ளியிலதான் குடம் யாருக்குன்னு இருக்கு."

மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. செங்கமலம் பார்த்திருந்தாள். அண்ணனின் அந்தக் கால் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது தப்புச் செய்கிற கால் இல்லை.

"தப்பு இல்ல சார்" என்றாள்.

"அப்ப தங்கராசு ஏமாத்திட்டுப் போனதா வெச்சுக்கலாமா? கழிவு வேண்டாம்."

"அதுவும் இல்ல சார்."

"பின்ன என்னன்னு எழுதறது?"

அவள் தன் அட்டையைப் பார்த்தாள். போட்டதற்கு ஒரு கட்டம் இருந்தது, தடுத்ததற்கு ஒன்று, தவறியதற்கு ஒன்று. எல்லாவற்றையும் யோசித்து, ஒரு வருஷ ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்த்துச் சமன் செய்த அட்டவணை. தடுக்க முடிந்தவன் தடுக்காமல் விட்டுக்கொடுத்தால் என்ன என்று அவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எந்த ஆட்டத்திலும் யாரும் அப்படிச் செய்ததில்லை. அவள் வீட்டில் ஒருவன் வருஷக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அதற்கு யாரும் கட்டம் போடவில்லை, அவளும் போடவில்லை. அண்ணன் பட்டறையில் நின்ற வருஷங்களில்தான் அவள் திருச்சி ஹாஸ்டலில் தங்கிக் கணக்குப் படித்தாள்.

"டீச்சர்?"

"கழிக்கணும்னா எம்பேருல கழி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அய்யம்பெருமாள் பந்தலில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு எழ முயன்றுகொண்டிருந்தார். யாரோ தாங்கிப் பிடித்தார்கள்.

"அவன் நவுரல. நான்தான் அவன நவுத்துனேன். காலையில வூட்ல வெச்சே நவுத்திட்டேன். தப்பு என்னுது, எம்பேருல போடு பாப்பா."

சிவசுப்பிரமணியனுக்கு ஒன்றும் புரியவில்லை. கருப்பண்ணனுக்குப் புரிந்தது போலிருந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். செங்கமலம் அப்பாவைப் பார்த்தாள். அவர் பிள்ளைகளுக்கு எதிரில் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை, தாடை மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அரியமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புழுதியில் நெற்றிக் குங்குமம் கலைந்திருந்தது. கையில் தங்கராசுவின் பூட்ஸ்.

"தம்பி இங்க வந்தானா?"

"இல்லியே" என்றாள் இருசம்மாள். "அவனத்தானே எல்லாரும் தூக்கிக்கிட்டு நின்னாங்க?"

"எறங்கி எங்கிட்டதான் வந்தான். கை குடுத்தேன், வாங்கல." அரியமுத்து கொஞ்சம் நிறுத்தினான். "'இத்தினி நேரம் நீ என்னை ஒரு ஆளா மதிச்சு ஆடுனதா நெனச்சேன். கடைசில நீயும் என்னப் பாவம் பாத்துட்டியேண்ணே'ன்னான். பூட்ஸக் கழட்டிக் காலடியில வெச்சுட்டுப் போயிட்டான்."

இருசம்மாள் பந்தல் காலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோல் போட்டவனுக்கு மாலை போட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தங்கராசுவின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலை வாசலில் மூட்டை ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றாக ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தன. எது உள்ளூருக்கு, எது பம்பாய்க்கு என்று இங்கிருந்து பார்த்தால் தெரியாது.

"அவனக் கூட்டிக்கிட்டு வா" என்றார் அய்யம்பெருமாள்.

அரியமுத்து பூட்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு வாசல் பக்கம் ஓடினான். சொன்னது அவன் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனாலும் அய்யம்பெருமாள் அதையே இன்னொரு தடவை சொன்னார்.